எல்.ஈ.டி போட்ட பிறகு பழைய லொறியில் என்ன நடக்கிறது?

கிளிநொச்சிப் பக்கம் நெல்லும் விறகும் ஏற்றித் திரியும் பழைய பெட்போர்ட் லொறி அது. ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. எஞ்சின் ஜப்பான், கியர்பெட்டி வேறொரு லொறியினுடையது, முகப்பும் பெயரும் மட்டும்தான் பெட்போர்ட் என்று உரிமையாளரே சொல்லிச் சிரிப்பார். இடப்பெயர்வுகளில் பல குடும்பங்களின் பெட்டி படுக்கைகளையும் கோழிக்கூடுகளையும் சுமந்த வண்டி. இன்றைக்கும் அந்த வீட்டின் அடுப்பு அதில்தான் எரிகிறது.

மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியில் ஒரு மழை இரவு. வீதியில் மாடுகள் படுத்திருந்ததைக் கண்டு உரிமையாளர் பிரேக் அடித்திருக்கிறார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு பிரேக் லைற் தெரியவில்லை. கடைசி நொடியில் வெட்டி வயல் பக்கம் இறங்கியதால் தப்பினார். அடுத்த நாளே உரிமையாளர் பின் விளக்குகள், சிக்னல்கள், டாஷ்போர்ட் விளக்குகள் என எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்.ஈ.டி பல்ப் போட்டார். சரியான காரணத்துக்காகச் செய்த வேலைதான். ஆனால் ஒரு கிழமைக்குள் நான்கு கோளாறுகள் வந்து நின்றன.

சிக்னல் போட்டால் மின்னாமல் அப்படியே எரிந்தது. பிளாஷரை மாற்றியதும் மின்னத் தொடங்கியது, ஆனால் இடது சிக்னல் போட்டால் நான்கு பக்கமும் சேர்ந்து மின்னியது. குண்டும் குழியுமான பாதையில் பிரேக்கை மிதித்தால் வலது பிரேக் லைற் மங்கி, சம்பந்தமில்லாமல் இடது பக்கப் பின்விளக்கு இலேசாக எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் பற்றரி இறங்கிப்போய் லொறியைத் தள்ள வேண்டியிருந்தது.

“தம்பி, புதுசு போட்டதுக்குப் பிறகுதான் இந்தக் கரைச்சல் எல்லாம். பழசையே திருப்பிப் போடட்டோ?” என்று அவர் வயரிங் பாஸிடம் கேட்டார்.

“அண்ணை, பல்ப்பிலை பிழை இல்லை. பழைய பல்ப் இவ்வளவு நாளும் பிழையை மறைச்சுக்கொண்டு இருந்திருக்கு” என்றார் பாஸ்.

அவர் சொன்னதில் இந்த விடயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பழைய இழை பல்ப் வெறும் வெளிச்சம் தரும் பொருள் அல்ல, சுற்றின் ஓர் உறுப்பு. 12 வோல்ற்றில் எரியும் 21 வாற் பல்ப் ஒன்று ஏறத்தாழ 1.75 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதே இடத்தில் போடும் எல்.ஈ.டி பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 அம்பியர்தான் இழுக்கும். பழைய வாகனங்களின் பிளாஷர், எச்சரிக்கை விளக்கு, ரிப்பேர் ஒட்டுகள் எல்லாம் அந்தப் பெரிய மின்னோட்டத்தை நம்பி அமைக்கப்பட்டவை. அது இல்லாமல் போனதும் ஒவ்வொன்றாகக் குழம்புகின்றன.

மின்னாத சிக்னல்

பழைய பிளாஷருக்குள் இருப்பது சூடாகி வளையும் ஓர் உலோகத் தகடு. இரண்டு 21 வாற் பல்ப்புகளின் மின்னோட்டம், அதாவது மூன்றரை அம்பியர், அதனூடாகப் போகும்போது தகடு சூடாகி வளைந்து தொடுகையை விடும், ஆறியதும் மீண்டும் தொடும். அந்த ‘டிக் டிக்’ சத்தம் அதுதான். எல்.ஈ.டி இழுக்கும் அரை அம்பியரில் தகடு சூடாகாது. அதனால் விளக்கு எரிந்தபடியே நிற்கும். பிற்காலத்து இலத்திரனியல் பிளாஷர்கள் வேறு விதம். மின்னோட்டம் குறைந்தால் ஒரு பல்ப் எரிந்துபோய்விட்டது என்று நினைத்து இரண்டு மடங்கு வேகத்தில் மின்னும்.

இதற்குச் சரியான தீர்வு எல்.ஈ.டிக்கென்று செய்த பிளாஷர். வாங்கும்போது அதில் எர்த் வயர் ஒன்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இரண்டு கால் பிளாஷருக்கு எர்த் தேவையில்லை, ஆனால் இலத்திரனியல் பிளாஷர் பலவற்றுக்கு அது வேண்டும். எர்த்தைக் கொடுக்காமல் செருகிவிட்டு ‘சாமான் பிழை’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் பலர்.

மற்றைய வழி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 ஓம், 50 வாற் மின்தடை ஒன்றைப் பல்ப்புக்குச் சமாந்தரமாகப் போடுவது. அது 12 வோல்ற்றில் 2 அம்பியர் இழுத்து, பழைய பல்ப் இருப்பதாகப் பிளாஷரை ஏமாற்றும். வேலை செய்யும். எனக்கு விருப்பமில்லாத வழி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்.ஈ.டி போட்டுவிட்டு, மிச்சம் பிடித்ததைச் சூடாக்கி வீணடிப்பது அது. தவிர, அந்த மின்தடை கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். அதை வயர்க்கட்டிலோ பிளாஸ்ரிக்கிலோ கட்டிவிட்டால் அடுத்து உருகுவது வயர்தான். போட்டே ஆக வேண்டுமென்றால் வெறும் இரும்புத் தகட்டில் ஆணி முறுக்கிப் பொருத்துங்கள்.

நான்கும் சேர்ந்து மின்னியது ஏன்?

இந்த லொறியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டாஷ்போர்டில் இரண்டு பக்கச் சிக்னலுக்கும் ஒரேயொரு காட்டி விளக்குத்தான். அதற்கு எர்த் வயரே இல்லை. ஒரு முனை இடது சிக்னல் வயரிலும் மறு முனை வலது சிக்னல் வயரிலும் இருந்தது. எப்போதோ, வயரும் சாமானும் தட்டுப்பாடாக இருந்த ஒரு காலத்தில், யாரோ ஒரு கெட்டிக்காரர் ஒரு பல்ப்பையும் ஒரு துண்டு வயரையும் கொண்டு இரண்டு வேலையை முடித்திருக்கிறார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட, ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து விளக்கெரித்த ஊருக்கு இதெல்லாம் பெரிய விடயமில்லை.

அவருடைய கணக்கு இதுதான். இடது சிக்னல் போட்டால் இடது வயரில் 12 வோல்ற் வரும். அப்போது வலது பக்கப் பல்ப்புகள் எரியாமல் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த இழையின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, கிட்டத்தட்ட வெறும் வயர் மாதிரி. ஆகவே காட்டி விளக்கின் மின்னோட்டம் வலது பக்கப் பல்ப்புகளின் ஊடாக எர்த்துக்குப் போய்விடும். அந்த 0.2 அம்பியர், 21 வாற் இழையைச் சிவக்க வைக்கக்கூடப் போதாது. காட்டி விளக்கு மட்டும் மின்னும். வலது சிக்னலுக்கு இதே கதை மறுபக்கமாக. முப்பது வருடமாக ஒரு பிழையும் இல்லாமல் நடந்த ஏற்பாடு.

எல்.ஈ.டி வந்ததும் அந்தச் சிறு மின்னோட்டமே விளக்கு எரியப் போதுமாகிவிட்டது. காட்டி விளக்கு இப்போது இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் பாலம் போடுகிறது. அதனால் நான்கும் மின்னுகின்றன. பின்னால் வருபவருக்கு லொறி திரும்பப்போகிறதா, பழுதாகி நிற்கிறதா என்று தெரியாது.

தீர்வு சிறியது. காட்டி விளக்கின் ஒரு முனையைச் செசியில் எர்த் செய்து, மறு முனைக்கு இரண்டு பக்க வயர்களிலிருந்தும் ஆளுக்கொரு டயோட் போட வேண்டும். றேடியோ திருத்தும் கடையில் கிடைக்கும் 1என்4007 போதும். டயோட்டின் வெள்ளிக் கோடு போட்ட முனை பல்ப்பைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மின்சாரம் பல்ப்புக்குப் போகும், மறுபக்கத்துக்குத் திரும்பாது. பாஸ் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கழற்றிய பழைய ஒட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எர்த் என்னும் பழைய வியாதி

பிரேக் லைற் கோளாறுதான் உயிரோடு விளையாடுவது. அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

பழைய லொறிகளில் பின்விளக்குக்கு எர்த் வயர் தனியாக வருவதில்லை. விளக்கின் தகரக் கூடு, அதைப் பிடிக்கும் ஆணி, மட்கார்ட், பெட்டி, செசி என்று இரும்பின் வழியே பற்றரிக்குத் திரும்பும். இடையில் எத்தனை துரு, எத்தனை பூச்சுப் பெயின்ற்! கடலோரத்தில் ஓடிய வண்டியென்றால் சொல்லவே வேண்டாம். எர்த் முழுதாக விட்டுப்போகும்போது மின்சாரம் வேறு வழி தேடும். இந்த லொறியில் இலக்கத்தகட்டுக்கு மேலே உள்ள சின்னப் பல்ப் மட்டும் இன்னும் பழைய இழை பல்ப். வலது பக்க எர்த் துள்ளலில் விடுபட்டதும், பிரேக் லைற்றின் மின்சாரம் அந்த இழையைப் பின்பக்கமாகக் கடந்து, பின்விளக்கு வயருக்குள் புகுந்து, இடது பக்க எல்.ஈ.டியை எரியவைத்து எர்த்துக்குப் போயிருக்கிறது. பிரேக் மங்கியதற்கும் சம்பந்தமில்லாத விளக்கு எரிந்ததற்கும் காரணம் ஒன்றே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்ரிமீற்றர் போதும். டீ.சீ 20 வோல்ற்றில் வையுங்கள். கறுப்பு முனை பற்றரியின் நெகற்றிவ் ஈயத்திலேயே படவேண்டும், மேலே மாட்டிய கிளிப்பில் அல்ல. சிவப்பு முனையை விளக்குக் கூட்டின் உலோகத்தில் வைத்து, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ற் காட்டினால் பயமில்லை. ஒரு வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எல்.ஈ.டியை மாட்டியபடியே இந்தச் சோதனையைச் செய்தால் மீற்றர் உங்களை ஏமாற்றும். சிறிய மின்னோட்டத்தில் பழுதான எர்த்கூட நல்லதுபோலத் தெரியும். இந்த லொறியில் எல்.ஈ.டியோடு பார்த்தபோது அரை வோல்ற்றுக்கும் குறைவாகவே காட்டியது. பழைய 21 வாற் பல்ப்பைத் திருப்பிச் செருகிப் பார்த்தபோது 2.8 வோல்ற். பன்னிரண்டில் கிட்டத்தட்ட மூன்று, வெளிச்சமாக வராமல் துருவில் போகிறது. அந்த மழை இரவில் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பிரேக் லைற் தெரியாததன் காரணமும் இதுதான். பல்ப் பழசானது காரணமல்ல.

அதனால்தான் கழற்றிய பழைய பல்ப்புகளை எறிய வேண்டாம் என்று சொல்கிறேன். இரண்டை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வையுங்கள். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பழைய பல்ப்பைச் செருகிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் அது மின்னோட்டக் குறைவால் வந்தது. போகாவிட்டால் வயரிலோ சுவிச்சிலோ எர்த்திலோ இருக்கிறது.

பாஸ் செய்த திருத்தம் எளிமையானது. ஒவ்வொரு பின்விளக்குக் கூட்டிலிருந்தும் செசிக்குத் தனி எர்த் வயர். பிடிக்கும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, கண்ணி அமுக்கி, முறுக்கி, மேலே வாஸ்லின் பூசினார். பிறகு பற்றரியிலிருந்து செசிக்கும், செசியிலிருந்து எஞ்சினுக்கும் வரும் தடித்த பட்டிகளையும் கழற்றித் துப்புரவாக்கினார். வெறுமனே முறுக்கி ரேப் சுற்றியிருந்த ஒட்டுகள் பதினேழு இருந்தன. பின்விளக்குப் பக்கம் இருந்தவற்றை ஈயம் பற்றவைத்தார். மிச்சத்தை ‘அடுத்த முறை’ என்றார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். பிரேக்கும் பின்விளக்கும் சேர்ந்த இரட்டை பல்ப்பின் இரண்டு சிறு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தேய்ந்த கூட்டுக்குள் அதைத் தலைமாறி அழுத்தித் திருகிவிட முடியும். அப்படிச் செய்தால் இரவு முழுக்கப் பிரகாசமாக எரியும், பிரேக் அடித்தால் மாற்றமே தெரியாது. இதைவிட ஆபத்தான பிழை கிடையாது.

பற்றரி ஏன் இறங்கியது?

எல்.ஈ.டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பிறகு பற்றரி எப்படி இறங்கும்? உரிமையாளருக்குத் தலைசுற்றியது இங்கேதான்.

டாஷ்போர்டில் சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் பிடித்ததும் அணையும் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு, சார்ஜ் விளக்கு. அது எச்சரிக்கைக்கு மட்டும் அல்ல. பல அல்டனேற்றர்களில் அந்தப் பல்ப்பின் ஊடாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் சுருளை முதலில் காந்தமாக்குகிறது. அப்போதுதான் அல்டனேற்றர் மின்சாரம் ஆக்கத் தொடங்கும். 2.2 வாற் பல்ப்புக்குப் பதிலாக எல்.ஈ.டி வந்ததும் அந்த மின்னோட்டம் போதவில்லை. எஞ்சின் ஓடுகிறது, பெல்ற் சுழல்கிறது, சார்ஜ் இல்லை. சில வேளை நன்றாக முடுக்கினால் விழித்துக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் இறங்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இறங்கியது.

சோதிப்பது சுலபம். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருக்க வேண்டும். இங்கே 12.3இல் நின்றது. பழைய பல்ப்பைத் திருப்பிப் போட்டதும் 14.1. எல்.ஈ.டிதான் வேண்டுமென்றால் அதற்குச் சமாந்தரமாக 47 ஓம், 5 வாற் மின்தடை போடலாம். ஆனால் ஒரு சின்னப் பல்ப்புக்காக அவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

15 வோல்ற்றுக்கு மேல் ஏறினால் அது வேறு வியாதி. ரெகுலேற்றர் பழுது அல்லது பற்றரி முனை தளர்வு. இழை பல்ப் அதைக் கொஞ்சம் தாங்கும், மலிவான எல்.ஈ.டி தாங்காது. மாதத்துக்கு ஒரு எல்.ஈ.டி போகிறதென்றால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதை அளந்து பாருங்கள்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு

ஜப்பான் டீசல் லொறிகளில் பல 24 வோல்ற். அங்கே 12 வோல்ற் எல்.ஈ.டி போட்டால் அந்தக் கணமே போய்விடும். 10 முதல் 30 வோல்ற் வரை என்று எழுதியதை வாங்குங்கள். சிலர் இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து 12 வோல்ற் எடுக்கிறார்கள். பாட்டுப்பெட்டிக்கு அப்படி எடுக்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. ஒரு பற்றரி எப்போதும் பசியோடும் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகியும் கிடந்து, இரண்டும் சேர்ந்து கெடும். 6 ஓம் மின்தடையையும் 24 வோல்ற் வண்டியில் போடக்கூடாது. அது 96 வாற் சூட்டைக் கக்கும்.

மொறிஸ் மைனர், ஏ40 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானிய வண்டிகளில் பெரும்பாலானவை பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் செசியில் இருக்கும். இழை பல்ப்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். எல்.ஈ.டி ஒரு பக்கம்தான் எரியும், இலத்திரனியல் பிளாஷர் தலைமாறினால் எரிந்தே போகும். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய இந்த வண்டிகள் எத்தனையோ கைகள் மாறியவை. இடையில் யாரோ நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம். புத்தகத்தை நம்பாமல் பற்றரியில் எந்த முனைப் பட்டி செசிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பற்றரியைத் திருப்பி வைத்தால் சரிதானே என்று நினைக்காதீர்கள். டைனமோவுக்கும் முறைப்படி முனை மாற்ற வேண்டும்.

நிறத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி போட்டால் வெளிச்சத்தின் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும், நிறமும் வெளிறும். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள் எல்.ஈ.டி.

ஹெட்லைற்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். பழைய கிண்ணம் இழை இருந்த அந்த ஒரு புள்ளிக்காகக் கணக்கிட்டு வளைத்தது. அதில் எல்.ஈ.டியைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவருக்கு அந்த இரண்டு நொடி வீதியே தெரியாது. 60/55 வாற் பல்ப்பையே வைத்து, தனி ரிலேயும் தடித்த வயரும் போட்டுப் பாருங்கள். பழைய சுவிச்சில் வீணாகும் வோல்ற்றைக் காப்பாற்றினாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும்.

பியூஸ் பற்றி ஒரு வார்த்தை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ் இந்த லொறியிலும் இரண்டு இருந்தன. எல்.ஈ.டி போட்டபின் மின்னோட்டம் குறைந்துவிட்டதால் முன்னதைவிடச் சிறிய பியூஸே போதும். வெள்ளித்தாளுக்கு இனிச் சாட்டு இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் திறந்தபோதும் வரியோடு சேர்த்துப் புதிய லொறி வாங்குவது நெல் ஏற்றிப் பிழைப்பவருக்குக் கனவுதான். ஆகவே இந்த வண்டிகள் இன்னும் பல வருடம் நம் வீதிகளில் ஓடப்போகின்றன.

வேலை முடிந்த அன்று பின்னேரம் கருகல் நேரத்தில் பாஸ் லொறிக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி நின்றார். எஞ்சினை ஓடவிட்டு முதலில் பின்விளக்கு, பிறகு அதோடு பிரேக், பிறகு இரண்டோடும் இடது சிக்னல், பிறகு வலது. எல்லாம் ஒன்றாக எரியும்போதுதான் எர்த்தின் உண்மை தெரியும் என்றார். பிறகு பெட்டியைக் கையால் ஓங்கித் தட்டி, துள்ளலில் எதுவும் மங்குகிறதா என்று பார்த்தார். மங்கவில்லை. உரிமையாளர் பிஸ்கற் ரின்னை சீற்றுக்கு அடியில் வைத்துவிட்டு, டாஷ்போர்டில் பழையபடி எரிந்து அணைந்த அந்தச் சிவப்புப் பல்ப்பை ஒருமுறை துடைத்துவிட்டார்.